கொலுவுக்கு வரும் குழந்தைகளுக்குச் சில நூல்கள்

சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களை அடுக்கிச் சந்தனம், குங்குமம் இட்டு வணங்குவதும், விஜயதசமியன்று அவற்றை எடுத்து ஒரு பக்கமேனும் படிப்பதும் நம் இல்லங்களின் வழக்கம். ஆனால் அந்த அடுக்கில் இருப்பவை பெரும்பாலும் பாடப்புத்தகங்களே. இந்த நவராத்திரியில், கொலுவுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சுண்டலுடன் பிளாஸ்டிக் டப்பாவைத் தருவதற்குப் பதிலாக ஒரு கதைநூலைத் தரலாமே!

முதலில் சொல்லத்தக்கது, கொலுவோடு நேரடி உறவுடைய நூல். யெஸ்.பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. தம்பதி சமேதராய்க் கொலுவில் நிற்கும் மரப்பாச்சி, இக்கதையில் ஒரு சிறுமியிடம் பேசத் தொடங்குகிறது. அது எடுத்துக்கொள்ளும் பொருளோ பெரியவர்களே பேசத் தயங்குவது: குழந்தைகளின் உடல்மீது நிகழும் அத்துமீறல். 'பண்டிகை நாளில் இந்தப் பேச்சு எதற்கு?' என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆயினும், உறவினரும் அயலாரும் வீட்டில் கூடுவது பண்டிகை நாள்களில்தான். நன்கு தெரிந்த ஒருவரைப் பற்றிப் புகார் சொல்லக் குழந்தைக்குத் துணிவு மட்டும் போதாது, சொற்களும் வேண்டும். தாயோ பாட்டியோ முதலில் தாமே படித்துவிட்டு, பின்னர்ப் பிள்ளையுடன் சேர்ந்து படிப்பது நலம். கைக்குழந்தைக்கு மரப்பாச்சியை உரைத்துப் பற்றிட்ட பாட்டிமாருக்கு, அது ஒருபோதும் வெறும் பொம்மையாக இருந்ததில்லை.

இதே விருதை 2023இல் பெற்றது உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'. களம், கீழடி. அங்கே கிடைத்த பானையோடுகளில் பொறிக்கப்பட்டிருந்த பெயர்களுள் ஒன்று ஆதன். மதுரைக்கு மீனாட்சியம்மனைத் தரிசிக்கச் செல்லும் குடும்பத்தார், இதைப் படித்த பிள்ளையின் பிடிவாதத்தால் கீழடி அருங்காட்சியகத்துக்கும் போக நேரும். 2025இல் விருது பெற்ற விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா'வும் தேடி வாங்கத்தக்கதே.

புராணக் கதைகளை ஆங்கிலத்தில் படிக்கும் சிறார்க்குச் சுதா மூர்த்தியின் 'தி சர்பென்ட்ஸ் ரிவெஞ்ச்' உகந்தது. மகாபாரதத்தில் அதிகம் சொல்லப்படாத கிளைக்கதைகள் அதில் உள்ளன.

பதின்பருவத்தினருக்கு ஒரே ஒரு நூல் போதுமென்றால், அது சென்னை தாரா பதிப்பகம் 2011இல் வெளியிட்ட 'சீதாஸ் ராமாயணா'. சம்ஹிதா ஆர்னி எழுத, வங்கத்துப் பட்டச் சித்திர மரபில் வந்த மொய்னா சித்ரகர் வரைந்தது. கதை, சீதையின் வாய்மொழியாக நகர்கிறது. கம்பர் பட்டாபிஷேகத்துடன் நிறைவுசெய்த கதை, இதில் பிராட்டி மீண்டும் வனம் புகுவதையும் தாண்டி நீள்கிறது. படித்த பெண்பிள்ளை, 'இராமன் செய்தது சரியா அம்மா?' என்று நிச்சயம் கேட்பாள். 'சாமியை அப்படிக் கேட்கக்கூடாது' என்று வாயை அடைத்தால், அவள் அடுத்த கேள்வியை வீட்டில் கேட்கமாட்டாள், வேறெங்கோ கேட்பாள். அன்றிரவு விளக்கேற்றிய கூடத்தில் அமர்ந்து, தாயும் மகளுமாக அந்தப் பக்கங்களை இன்னொரு முறை புரட்டலாம்.