பச்சை எக்ஸிட் போர்டு: கரன்ட் போனாலும் எரியுமா? எமர்ஜென்சி லைட் விதிகள் சொல்வது என்ன?

தியேட்டரில் லைட் அணைந்து படம் தொடங்கிய பிறகும் ஓரத்தில் பச்சையாக ஒரு போர்டு எரிந்துகொண்டே இருக்கும். ஓடும் மனிதன், ஒரு கதவு, ஒரு அம்புக்குறி. ஆபீஸ், மால், ஹாஸ்பிட்டல், ஹோட்டல் என எங்கு போனாலும் அதே போர்டுதான். தினமும் பார்ப்பதாலேயே யாரும் அதைக் கவனிப்பதில்லை. கரன்ட் இருக்கும்போது அந்த போர்டு எரிவது பெரிய விஷயமில்லை. தீப்பிடித்து மொத்தக் கட்டடமும் இருளில் மூழ்கும்போது எரியுமா? பாதுகாப்பு விதிகள் கேட்பது இதைத்தான்.

உபஹார் தியேட்டரில் நடந்தது என்ன?

1997 ஜூன் 13. டெல்லி கிரீன் பார்க் பகுதியில் உள்ள உபஹார் தியேட்டரில் 'பார்டர்' படம் ஓடிக்கொண்டிருந்தது. தரைத்தள பார்க்கிங் பகுதியில் இருந்த டிரான்ஸ்ஃபார்மரில் தீப்பிடித்தது. தீ பார்வையாளர்களை நெருங்கும் முன்பே புகை மேலே ஏறி பால்கனியை நிறைத்தது. மின்சாரம் துண்டிக்கப்பட்டதும் அரங்கு இருளில் மூழ்கியது.

எமர்ஜென்சி லைட் இல்லை. 'வெளியேறுங்கள்' என்று சொல்ல மைக் அறிவிப்பும் இல்லை. கூடுதல் இருக்கைகள் போடுவதற்காக பால்கனியின் வலதுபுற நடைபாதையும் வாசலும் ஏற்கெனவே அடைக்கப்பட்டிருந்தன. 59 பேர் இறந்தனர், நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். பலரின் உயிரைப் பறித்தது புகைதான். இந்தக் குறைகள் எல்லாம் பின்னர் நீதிமன்றத்தில் ஒவ்வொன்றாகப் பதிவாயின. 2023-ல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த 'ட்ரையல் பை ஃபயர்' தொடர், இந்த விபத்தில் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்த பெற்றோரின் நீண்ட சட்டப் போராட்டத்தைச் சொல்வது.

தெரிந்த கட்டடத்திலும் வழி தவறுவது ஏன்?

ஆபத்து நேரத்தில் பெரும்பாலானோர் தாங்கள் உள்ளே வந்த வாசலை நோக்கியே ஓடுவார்கள். பக்கத்திலேயே வேறு வாசல் இருந்தாலும் அது கண்ணில் படாது. எல்லோரும் ஒரே கதவுக்குப் போனால் நெரிசல்தான். இந்தப் பழக்கத்தை உடைத்து, 'இந்தப் பக்கமும் வழி இருக்கு' என்று காட்டுவதுதான் எக்ஸிட் போர்டின் வேலை.

இன்னொரு சிக்கல் புகை. சூடான புகை முதலில் மேலே போய்ச் சேரும். அதனால் கூரையை ஒட்டி மாட்டிய போர்டுதான் முதலில் மறையும். குனிந்தும் தவழ்ந்தும் போகிறவருக்குத் தரைக்கு அருகில் இருக்கும் குறிகள்தான் கைகொடுக்கும். வெளிச்சத்தைச் சேமித்து வைத்து இருட்டில் தானாக ஒளிரும் பட்டைகளைச் சில கட்டடங்களின் படிகளிலும் சுவரின் கீழ்ப்பகுதியிலும் பார்த்திருப்பீர்கள். அவை இதற்காக ஒட்டப்பட்டவைதான்.

விதி என்ன சொல்கிறது?

இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட 'தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016'-ன் நான்காம் பகுதி தீ மற்றும் உயிர்ப் பாதுகாப்பு பற்றியது. எமர்ஜென்சி லைட் பற்றி அது சொல்வதன் சுருக்கம்:

• வழக்கமான விளக்குகளுக்கு வரும் மின்சாரத்தைச் சாராமல், எமர்ஜென்சி லைட்டுக்குத் தனி மின்மூலம் இருக்க வேண்டும்.

• கரன்ட் போனதும் யாரும் ஸ்விட்ச் போடாமல் தானாகவே எரிய வேண்டும்.

• குறைந்தது 90 நிமிடம் எரிய வேண்டும். சிறிய கட்டடத்துக்கும் இது பொருந்தும்.

• வெளியேறும் பாதை மட்டுமல்ல, ஃபயர் அலாரம் பட்டனும் தீயணைப்புக் கருவிகளும் இருக்கும் இடம்கூடத் தெளிவாகத் தெரிய வேண்டும்.

ஜெனரேட்டர் இருக்கே, போதாதா?

போதாது. ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகி மின்சாரம் தரச் சிறிது நேரம் ஆகும். அந்த இடைவெளியில்தான் படிக்கட்டில் கால் தவறும், பீதி பரவும். தீயில் வயர்கள் எரிந்துவிட்டால், ஜெனரேட்டர் ஓடினாலும் அந்தத் தளத்துக்குக் கரன்ட் வராது. போர்டுக்குள்ளேயே தனி பேட்டரி இருந்தால் இந்த இரண்டு சிக்கலும் இல்லை.

ஏன் பச்சை? ஏன் ஓடும் மனிதன்?

1970-களில் ஜப்பானில் பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் தீ விபத்துகள் அடுத்தடுத்து நடந்தன. ஒசாகாவில் 1972-ல் நடந்த விபத்தில் மட்டும் 118 பேர் இறந்தனர். எல்லோருக்கும் சட்டென்று புரியும் சின்னம் தேவைப்பட்டது. வடிவமைப்பாளர் யுகியோ ஓட்டா செம்மைப்படுத்திய ஓடும் மனிதன் சின்னம் 1980-களில் சர்வதேசத் தரமானது. படிக்கத் தெரியாதவருக்கும், மொழி தெரியாதவருக்கும் இது புரியும். சர்வதேசக் குறியீட்டில் சிவப்பு என்றால் தடை அல்லது தீயணைப்புக் கருவி, பச்சை என்றால் பாதுகாப்பான வழி. மங்கிய வெளிச்சத்தில் நம் கண் சிவப்பைவிடப் பச்சையை எளிதாகப் பிடிக்கும் என்பதும் ஒரு வசதி.

அப்போ இது கட்டாயமா?

இங்கேதான் குழப்பம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு ஒரு பரிந்துரை ஆவணம். மாநில அரசோ உள்ளாட்சி அமைப்போ தன் விதிகளில் சேர்க்கும்போதுதான் அதற்குச் சட்ட பலம் வரும். தமிழ்நாட்டில் 2019-ம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 18.30 மீட்டருக்கு மேல் உயரமானவை உயர்மாடிக் கட்டடங்கள். அவற்றுக்குத் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் தடையில்லாச் சான்று தேவை.

ஆனால், சான்று வாங்கிய நாளில் எரிந்த லைட் நான்கு வருடம் கழித்தும் எரியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பேட்டரிக்கு ஆயுள் குறைவு. அது செத்துப்போனாலும், கரன்ட் இருக்கும்வரை போர்டு வழக்கம்போல் பளிச்சென்று எரியும். பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. கரன்ட் போகும்போதுதான் குட்டு வெளிப்படும்.

இதனால்தான் அமெரிக்காவின் உயிர்ப் பாதுகாப்பு விதிகளில், மாதம் ஒருமுறை 30 விநாடி சோதனை, ஆண்டுக்கு ஒருமுறை முழு 90 நிமிடச் சோதனை என்று வைத்திருக்கிறார்கள். முடிவுகளைப் பதிவேட்டில் எழுதியும் வைக்க வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

• ஆபீஸ், பிஜி, அபார்ட்மென்ட் எதுவானாலும், நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தாத இரண்டாவது படிக்கட்டு எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒருமுறை அதில் இறங்கியும் பாருங்கள்.

• அந்த வழியில் அட்டைப்பெட்டி, பழைய சேர், பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். கதவு திறக்காவிட்டால் போர்டு எரிந்தும் பயனில்லை.

• கரன்ட் கட் ஆகும் அடுத்த தடவை, காரிடாரை எட்டிப் பாருங்கள். ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும் முன்பே எமர்ஜென்சி லைட் எரிகிறதா?

• பல போர்டுகளில் சின்னதாக 'டெஸ்ட்' பட்டன் இருக்கும். நீங்களே அழுத்த வேண்டாம். பராமரிப்பு ஊழியரை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள்.

• நிர்வாகத்திடம் அல்லது குடியிருப்போர் சங்கத்திடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "எமர்ஜென்சி லைட்டைக் கடைசியா எப்போ டெஸ்ட் பண்ணீங்க?" தேதி சொல்ல முடியவில்லை என்றால் எழுத்துபூர்வமாகப் புகார் கொடுங்கள். பதில் இல்லையென்றால் உங்கள் மாவட்டத் தீயணைப்பு அலுவலகத்தை அணுகலாம்.

இதற்கெல்லாம் மொத்தமே பத்து நிமிடம்கூட ஆகாது. இன்று வேலை முடிந்து கிளம்பும்போது, லிஃப்ட் பட்டனை அழுத்தும் முன் அந்தப் பச்சை அம்புக்குறி காட்டும் பக்கம் ஒருமுறை நடந்து பாருங்கள். கடைசியில் இருக்கும் கதவு திறக்கிறதா?