அமில மண்ணும் சோயா அவரையும்: ஊவாத் தோட்டங்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

ஊவாவின் தேயிலைச் சரிவுகளில் சோயா அவரை செழிக்காமைக்கு மழைக்குறைவே காரணம் என எண்ணுவது இயல்பு. யூன் முதல் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மலைகளுக்கு மேற்கே மழையைப் பொழிந்துவிட்டு, பதுளை, பசறைப் பக்கம் வரண்ட காற்றாகவே இறங்குகின்றது. ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் தரும் அக்காற்றே அவரையை வாட்டுகின்றது. எனினும் வாட்டத்தின் வேறொரு காரணம் மண்ணுக்குள் இருக்கின்றது என்பது எமது கருத்து.

தேயிலை அமிலத்தை விரும்பும் செடி. பீ.எச். பெறுமானம் 4.5 முதல் 5.5 வரையுள்ள மண்ணே அதற்கு உகந்தது. நெடுங்காலம் இடப்பட்ட அமோனியம் சல்பேற்று அமிலத்தை மேலும் கூட்டியது. சோயாவுக்கோ 6 அல்லது சற்று மேற்பட்ட பெறுமானம் வேண்டும். அது 5 இற்குக் கீழே இறங்கினால் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர்நுனியை முடக்குகின்றது. பொசுபரசு இரும்புடனும் அலுமினியத்துடனும் பிணைந்து பயிருக்குக் கிட்டாது போகின்றது. வளியின் நைதரசனைப் பதிக்கும் பற்றீரியங்கள் வேரிற் சிறுகணுக்களை உண்டாக்குவதும் குன்றுகின்றது. முடங்கிய வேர் ஆழத்து ஈரத்தை எட்டமாட்டாது. மழை நின்ற சில நாள்களிலேயே பயிர் வாடுவது இதனாலாகும்.

பரிகாரம் புதியதன்று. கவ்வாத்துக் காலத்தில் இடப்படும் டொலமைற்றைத் தோட்டத் தொழிலாளர் நன்கறிவர். அதற்குரிய பாறை பதுளை, மாத்தளைப் பகுதிகளிலேயே உண்டு. ஆயின் அதனை மேலே தூவிவிடுதல் போதாது. விதைப்புக்குச் சில வாரங்கள் முன்னரே மண்ணுடன் கலத்தல் வேண்டும். விதைக்குப் பற்றீரியக் கலவை பூசுதலும், சரிவில் மண் கரையாதவாறு மானாப்புல்லால் மூடுதலும் உடன் வேண்டும். 1970களிலிருந்து பிரேசிலின் செராடோச் செம்மண்ணைச் சோயா நிலமாக்கியவை சுண்ணாம்பும் பொசுபரசும் இப்பற்றீரியங்களுமே. ஒப்புமை அவ்வளவே; அங்கு நிலம் சமதளம், உடைமையாளர் பெருஞ்செல்வர்.

இங்கு உண்பவரை நோக்குவோம். சோளமும் சோயாவும் கலந்த திரிபோசா 1973 முதல் வழங்கப்பட்டு வந்தும், குழந்தைகளின் போசாக்கின்மை தோட்டத்துறையிலேயே மிகுதி என்பதைத் தேசிய ஆய்வுகள் பன்முறை காட்டியுள்ளன. லயத்தையடுத்த பாத்திகளில் சோயா விளையலாம். ஆனால் அந்நிலம் பெரும்பாலும் தொழிலாளருக்கு உரியதன்று. 1992 முதல் கம்பனிகளின் முகாமையிலுள்ள அரச நிலம். நில உரிமை மண்ணியலுக்குப் புறம்பானது என்பார் உளர். டொலமைற்றின் பயனோ சில ஆண்டுகளுக்குப் பரவிக் கிடைப்பது. மறு ஆண்டு அப்பாத்தி தமக்கு இருக்குமோ என்றறியாத ஒருவர், ஒரு மூடை டொலமைற்றைத் தோளிற் சுமந்து மேடேற மாட்டார். பாத்திகளுக்கு எழுத்துமூலமான நீண்டகால உரிமை வழங்குவதையும் விளைச்சற் பரிந்துரைகளுள் ஒன்றாகவே நாம் சேர்க்கின்றோம்.