கெட்டப், கட்அவுட், பாஸ் அவுட்... தெரியுமா?

'கிவ்' என்றால் கொடு. 'அப்' என்றால் மேலே. அப்படியானால் 'கிவ் அப்' என்றால் மேலே கொடு என்றுதானே இருக்க வேண்டும்? இல்லை, கைவிடு! வினையோடு ஒரு பொடிச்சொல் ஒட்டிக்கொண்டு ஆளையே மாற்றிவிடும் இந்த வித்தைக்குப் பெயர் ஃப்ரேசல் வெர்ப். வெளிநாட்டுக்காரர்கள் ரொம்பவும் திணறும் இடம் இதுதான் என்று 1755-லேயே தன் அகராதியின் முன்னுரையில் எழுதிவிட்டார் சாமுவேல் ஜான்சன். ஆனால் தெரியுமா, பெயர் மட்டும் லேட்! 1925-ல் லோகன் பியர்சால் ஸ்மித்தின் புத்தகத்தில்தான் அது அச்சேறியது. அதுவும் அவர் வைத்த பெயரில்லை. ஆக்ஸ்ஃபோர்டு அகராதி ஆசிரியர் ஹென்றி பிராட்லி எடுத்துக்கொடுத்தது.

வீடு 'பர்ன் அப்' ஆனாலும் 'பர்ன் டவுன்' ஆனாலும் மிஞ்சுவது சாம்பல்தான். படிவத்தை 'ஃபில் இன்' செய்யலாம், 'ஃபில் அவுட்' செய்யலாம், இரண்டும் ஒன்றே. இதற்கு நேர்மாறான கூத்தும் உண்டு: விளக்கு 'கோ ஆஃப்' ஆனால் அணைந்துபோகும், அலாரம் 'கோ ஆஃப்' ஆனால் அலறும்! இன்னொன்று: 'டர்ன் ஆஃப் தி லைட்' சரி, 'டர்ன் தி லைட் ஆஃப்' சரி, 'டர்ன் இட் ஆஃப்' சரி, 'டர்ன் ஆஃப் இட்' என்றால் மட்டும் தப்பு. குட்டி 'இட்' நடுவில்தான் உட்காருவேன் என்று அடம்பிடிக்கும்.

சிரிக்காதீர்கள், நம் வீட்டிலும் இதே கதைதான். 'ஃபைண்ட் அவுட்' என்பதை நாம் எப்படிச் சொல்கிறோம்? கண்டுபிடி! கண்டு, அப்புறம் எதைப் பிடிப்பது என்று தமிழ் படிக்க வந்த வெள்ளைக்காரர் முழிக்க மாட்டாரா? 'ஈட் அப்' என்பதில் வரும் 'அப்' மேலே போகவில்லை, மிச்சம் வைக்காதே என்கிறது. சாப்பிட்டுவிடு என்பதில் நம் 'விடு' செய்கிற அதே வேலை!

அதைவிட ஆச்சரியம், கோடம்பாக்கமே இந்தச் சொற்களில்தான் ஓடுகிறது. ஹீரோவுக்கு மேக்கப், புது கெட்டப், அறிமுகக் காட்சிக்கு பில்டப், தியேட்டர் வாசலில் கட்அவுட். ஷூட்டிங் முடிந்ததும் 'பேக்கப்!' என்று ஒரு குரல். அது மூட்டை கட்டச் சொல்லும் பேக்கப். கம்ப்யூட்டர்காரர் எடுக்கும் பேக்கப் வேறு. ஆங்கிலத்தில் எழுத்து வேறு, தமிழில் எழுதினால் இரட்டைப் பிள்ளைகள்!

ஒரு ஃப்ரேசல் வெர்ப்புக்குக் காவலே போட்டிருக்கிறார்கள் தெரியுமா? 1977 மார்ச் 27, டெனரீஃப் தீவு. பனிமூட்டத்தில் கிளம்ப அனுமதி கிடைத்ததா இல்லையா என்ற குழப்பத்தில் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதின. இறந்தவர்கள் 583 பேர். அதற்குப் பிறகு, கிளம்ப அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே வானொலியில் 'டேக் ஆஃப்' என்ற சொல் வரலாம். மற்ற நேரமெல்லாம் 'டிபார்ச்சர்'தான்.

கடைசியாக ஒன்று. கல்லூரி முடித்தவரை நாம் 'பாஸ் அவுட்' ஆனவர் என்கிறோம். இங்கிலாந்தில் ராணுவப் பயிற்சி முடிப்பவருக்கு அது பொருந்தும்; மற்றவர் சொன்னால் மயங்கி விழுந்தார் என்றே அர்த்தம். '2012-ல் பாஸ் அவுட் ஆனேன்' என்று லண்டன் இன்டர்வியூவில் சொல்லிப் பாருங்கள். இப்போது உடம்பு தேவலையா என்று கேட்டாலும் கேட்பார்கள்!