தண்ணீருக்கு நெகிழும் ஓவியம்
கடந்த மாரியில் ஆலையடிவேம்பில் எங்கள் வீட்டுக் கூரை ஒழுகியது. நான் கீறிய கோவாஷ் ஓவியமொன்று கரைந்துபோனது. காய்ந்து மாதக்கணக்கான பிறகும் அது தண்ணீருக்கு நெகிழும். காரணம் பிசின்.

நிறப்பொடியை அரபுப் பிசினில் குழைத்ததே கோவாஷ். சாதாரண நீர்வண்ணத்தில் தாளின் வெண்மை ஊடாகத் தெரியும். இது அடர்த்தியாக மூடும். அதனால் கறுப்பின் மேலும் வெள்ளை தீட்டலாம். பிசினும் நிறப்பொடியும் நமக்குப் புதிதல்ல. கண்டிக்கால விகாரை ஓவியர்கள் விளாம்பிசின் பாவித்ததை ஆனந்த குமாரசுவாமி 1908இல் எழுதியிருக்கிறார்.

தண்ணீர் அளவில்தான் கெட்டித்தனம். கூடினால் அடிநிறம் கிளம்பும். குறைந்தால் தடித்த பூச்சு வெடிக்கும். காயும்போது கடும் நிறம் சற்று வெளிறும், வெளிர் நிறம் சற்றுக் கருக்கும். துண்டுத் தாளில் பூசிக் காயவிட்டுப் பார்த்தே தொடங்குகிறேன்.

புதிய ஓவியம் கண்ணாடிச் சட்டத்துக்குள், கண்ணாடியில் ஒட்டாமல் இடைவெளி விட்டுத் தொங்குகிறது. கூரையும் திருத்தியாயிற்று.