இளவேனில் மீது ஒரு டாலர்

அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள வெர்மான்ட் மாநிலத்தில், வெஸ்ட் டான்வில் என்ற சிற்றூரை ஒட்டி ஜோஸ் பாண்ட் என்றோர் ஏரி இருக்கிறது. பெயர்தான் குட்டை, பரப்பு ஏறக்குறைய 400 ஏக்கர். குளிர்காலத்தில் ஏரி இறுகி உறைந்ததும், ஊர்க்காரர்கள் மரத்தட்டு ஒன்றில் ஹாலோ பிளாக் கல்லை வைத்துப் பனித்தளத்தின் மேல் நிறுத்துவார்கள். அதிலிருந்து ஒரு கயிறு கரையோர வீட்டின் மின்கடிகாரம் வரை போகும். பனி இளகிக் கல் மூழ்கும்போது கயிறு பிளக்கைப் பிடுங்கிவிடும். கடிகாரம் நின்ற நேரம்தான் அந்த ஆண்டு இளவேனில் பிறந்த நேரம். 1988 முதல் இந்தப் பந்தயம் நடக்கிறது. ஒரு டாலருக்குச் சீட்டு வாங்கி நாளையும் நேரத்தையும் ஊகித்து எழுதலாம். வசூலில் ஒரு பங்கு வென்றவருக்கு, மீதி ஜூலை 4 வாணவேடிக்கைக்கு. நீண்ட குளிரில் அலுத்துப்போனவர்களின் பொழுதுபோக்கு என்று இதைத் தள்ளிவிடத் தோன்றும். ஆனால், பருவநிலை எப்படி மாறிவருகிறது என்பதற்குச் சாமானியர்கள் சேர்த்துவைத்த சாட்சியங்களில் இத்தகைய பந்தயங்களுக்கு நல்ல இடம் உண்டு.

ஏரிப்பனி மேலிருந்து ஒரே சீராகத் தேய்ந்து மறைவதில்லை. மேலே படிந்த வெண்பனி முதலில் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். அது கரைந்த பிறகுதான் ஒளி பனிக்கட்டிக்குள் இறங்கி, படிகங்களின் ஓரங்களைக் கரைக்கத் தொடங்கும். அப்போது தளம் செங்குத்தான ஊசிகளின் கட்டாக மாறுகிறது. கனம் குறையாமலே வலுவை இழக்கிறது. பிறகு ஒரு நாள் பலமான காற்று அடித்தால் போதும், நேற்றுவரை மூடிக்கிடந்த ஏரி திறந்துவிடும். ஆக, கல் மூழ்கும் நாள் என்பது பல வாரத்து வெயில், காற்று, பனிப்பொழிவு அத்தனையும் சேர்ந்த கூட்டுத்தொகை. ஏரிக்குள்ளும் ஒரு பெரிய காரியம் நடக்கிறது. நீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். பனிக்குக் கீழே அந்த நீர் அடியில் தங்க, அதைவிடக் குளிர்ந்த நீர் மேலே நிற்கும். பனி விலகி மேல்நீரும் 4 டிகிரியை எட்டும்போது, அடுக்குகளைப் பிரித்துவைத்த அடர்த்தி வேறுபாடு மறைந்து, காற்று ஏரி முழுவதையும் கலக்கிவிடுகிறது. மேலிருந்து பிராணவாயு அடிக்குப் போகிறது, அடியிலிருந்து சத்துகள் மேலே வருகின்றன, பாசியும் அதைத் தின்னும் நுண்ணுயிர்களும் பெருகுகின்றன, மீன்களுக்கு இரை கிடைக்கிறது. நீரில் நெடுந்தூரம் ஓடித்தான் வானேற முடிகிற லூன் பறவைகளும் திறந்த நீரை எதிர்பார்த்தே திரும்புகின்றன. மார்ச் 20 வாக்கில் வசந்தம் தொடங்குவதாக நாட்காட்டி சொல்வதை இவற்றில் எதுவும் பொருட்படுத்துவதில்லை.

பந்தயக் கடிகாரத்தை விஞ்ஞானம் நம்பலாமா என்ற கேள்வி நியாயமானதே. கல் மூழ்கிய இடத்தில் பனி போனால் ஏரி முழுக்கப் போனதாகாது. ஓராண்டின் தேதி எதையும் நிரூபிக்காது. உண்மைதான். ஆனால் நெடுங்காலத் தொடருக்குத் துல்லியத்தைவிட மாறாத முறை முக்கியம். ஒரே விதமாக ஆண்டுதோறும் அளந்தால், அளவையில் உள்ள குறை எல்லா ஆண்டுக்கும் பொதுவாகி, மாற்றம் மட்டும் தனித்துத் தெரியும். பணம் புழங்குவதும் இங்கே பலம்தான்: தேதியில் யாராவது கை வைத்தால் சீட்டு வாங்கிய அத்தனை பேரும் கேட்பார்கள். அலாஸ்காவின் நெனானா ஊரில் ரயில்பாதை போட வந்த பொறியாளர்கள் 1917இல் தொடங்கிய ஆற்றுப்பனிப் பந்தயத்தை 2001இல் இரு ஆய்வாளர்கள் அலசி, 2000ஆம் ஆண்டுக்குள் பனி உடையும் நாள் ஏறத்தாழ 5.5 நாள் முந்திவிட்டதாகக் காட்டினார்கள். வட அரைக்கோளத்தின் 39 ஏரி, ஆற்றுப் பதிவுகளை ஒன்றுசேர்த்து 2000இல் வெளியான ஆய்வும் அதே திசையைத்தான் காட்டியது: 1846 முதல் 1995 வரை நூறாண்டுக்கு 6.5 நாள் வீதம் பனி முன்கூட்டியே விலகியிருக்கிறது.

சரி, குளிரில் வாடும் ஊருக்கு வெயில் சீக்கிரம் வந்தால் நல்லதுதானே என்று கேட்கலாம். படகுக்காரருக்கும் விடுதிக்காரருக்கும் ஓரளவு நல்லதுதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பனி சீக்கிரம் விலகும் ஏரியில், மேலே வெதுநீர், அடியில் குளிர்நீர் என்ற கோடைகால நீரடுக்கு சீக்கிரம் அமைந்து நெடுநாள் நீடிக்க வாய்ப்பு கூடுகிறது. அத்தனை நாளும் அடிநீருக்குப் புதுப் பிராணவாயு கிடைக்காது. குளிர்நீரை நம்பி வாழும் மீன்கள்தான் முதலில் திணறும். இரவில் உறைந்து பகலில் இளகும் நாட்களில்தான் மேப்பிள் மரத்தில் சாறு ஊறும். ஒரு லிட்டர் பாகுக்கு ஏறக்குறைய 40 லிட்டர் சாறு வேண்டும். வெர்மான்ட் உழவர்கள் பலருக்கு அந்தச் சில வாரங்கள்தான் அறுவடை; வெயில் முந்தினால் அதுவும் குறுகலாம். எல்லாவற்றையும்விடக் கொடியது நம்பி நிற்க முடியாத பனி. 10 நாடுகளின் குளிர்காலத்தில் நீரில் மூழ்கி நேர்ந்த சாவுகளை ஆராய்ந்த 2020ஆம் ஆண்டு ஆய்வு, காற்றின் வெப்பநிலை உறைநிலையை நெருங்கும் குளிர்காலங்களில் இந்தச் சாவுகள் கூடியதைக் கண்டது. தாத்தா காலத்து நாட்கணக்கை நம்பி ஏரியில் கால் வைப்பவர்களுக்குப் புதிய கணக்கு தெரிந்தாக வேண்டும்.

பந்தயத்தால் ஒன்று மட்டும் முடியாது. கல்லை வைக்கப் பனியே இல்லாத ஆண்டை அது எப்படிப் பதியும்? ஜப்பானின் சுவா ஏரிக்கரையில் ஷின்டோ பூசாரிகள் 1443 முதல் ஏரி உறைவதைக் குறித்துவருகிறார்கள். தொடக்க 250 ஆண்டுகளில் ஏரி உறையாத ஆண்டுகள் மூன்றுதான். 2005க்கும் 2014க்கும் இடையிலான பத்தே ஆண்டுகளில் ஐந்து. உறையாத ஆண்டையும் விடாமல் எழுதிவைத்ததால்தான் இந்த ஒப்பீடு சாத்தியமாயிற்று. வெஸ்ட் டான்வில் அந்த நிலையை எட்ட இன்னும் காலம் பிடிக்கலாம். ஆனாலும் கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப்புத்தகமும் இருக்கட்டும். சீட்டு விற்காத ஆண்டிலும் ஒரு வரி எழுத ஆள் வேண்டும்.