எந்தத் தேதியில் குடிவந்தீர்கள்?

மும்பை டிராம்பேயில், கழிமுகச் சதுப்பை ஒட்டிக் கிடக்கிறது சீட்டா கேம்ப். தெருவில் தமிழ் தாராளமாகக் காதில் விழும் இந்தக் குடியிருப்பு தானாக முளைத்ததல்ல. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி இடிக்கப்பட்டது. அங்கே வாழ்ந்த ஏறக்குறைய 70,000 பேரை அரசே கொண்டுவந்து இறக்கிய இடம் இது.

ஜனதா காலனியும் அப்படிப் பிறந்ததுதான். நகரின் வேறு பகுதிகளில் குடிசைகளை அகற்றிய மாநகராட்சி, அந்த மக்களை அனுப்பிவைத்த இடம் அது. அனுப்பியபோது அந்த மண்ணை யாரும் சீந்தவில்லை. அணு மையமும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் வந்து நிலத்துக்கு மதிப்பு ஏறியதும், குடியிருந்தவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள் ஆனார்கள்.

அந்த வெளியேற்றத்தை எதிர்த்து நின்றவர் கோலார் தங்கவயலில் பிறந்த ஜோக்கின் அற்புதம். அள்ளப்படாத குப்பையைச் சிறுவர்கள் கையில் கொடுத்து மாநகராட்சி அலுவலக வாசலில் கொட்டவைத்ததுதான் அவருடைய தொடக்ககாலப் போராட்டம். வழக்கு போட்டார், டெல்லி வரை போனார். காலனியைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அந்தப் போராட்டத்திலிருந்து தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு எழுந்தது. 2000இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

அதே 1976 ஜனவரியில் மகாராஷ்டிர அரசு மும்பைக் குடிசைகளைக் கணக்கெடுத்தது. எண்ணிக்கையில் வந்த குடும்பங்களுக்குப் படம் ஒட்டிய அட்டை கிடைத்தது. மும்பைக்காரர்கள் அதை ‘போட்டோ பாஸ்’ என்பார்கள். அது பட்டா அல்ல. நிலம் அவர்களுடையது என்று எங்கும் சொல்லாது. இடித்தால் மாற்றிடம் கேட்கலாம், அவ்வளவே. ஆனாலும் ரேஷன் கார்டு, மின்கட்டண ரசீது ஆகியவற்றோடு அதையும் தகரப்பெட்டியில் பூட்டி வைப்பார்கள். அட்டை உள்ள குடிசைக்கு ஒரு விலை, இல்லாததற்கு வேறு விலை. சட்டம் தான் அங்கீகரிக்காத சந்தைக்கே விலை நிர்ணயித்துக் கொடுத்தது.

நடைபாதைவாசிகளுக்கு அதுவும் இல்லை. 1981 ஜூலையில் முதல்வர் அந்துலே அவர்களைச் சொந்த ஊருக்கே திருப்பி அனுப்பப்போவதாக அறிவித்தார். வறட்சியால் வேலை போய் 1961இல் சேலத்திலிருந்து வந்த நிலமற்ற கூலித் தொழிலாளி ஒருவரும் குடும்பத்தோடு பேருந்தில் ஏற்றப்பட்டார். மனைவியும் மகள்களும் சேலத்தில் தங்கிவிட, அவர் மட்டும் வேலை தேடி மீண்டும் பம்பாய்க்கே வந்து நடைபாதையில் குடியேறினார்.

அவரும் ஒரு மனுதாரராக இருந்த ஓல்கா டெல்லிஸ் வழக்கில், 1985 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம் வாழ்வாதாரமும் உயிர்வாழும் உரிமையில் அடக்கம் என்றது. பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இந்த வரியோடு நிறுத்திக்கொள்கின்றன. மறுபாதி கசப்பானது. முன்னறிவிப்பு தந்து நடைபாதைவாசிகளை அகற்றலாம். மழைக்காலம் முடியும்வரை, அக்டோபர் 31 வரை, பொறுக்க வேண்டும். மாற்றிடம் 1976 கணக்கெடுப்பில் அட்டை பெற்றவர்களுக்கே.

மாற்றிடத்துக்குத் தகுதி தரும் கெடு தேதி 1976இலேயே நிற்கவில்லை. 1980, 1985, 1990, 1995, 2000 என்று நகர்ந்தது, பல முறை தேர்தலின் வாடையோடு. 1995இல் சிவசேனா-பாஜக அரசு இலவச வீடு என்றது. குடிசை மறுவாழ்வு ஆணையம் பிறந்தது. அரசு பணம் போடாது. குடிசைவாசிகளுக்கு (அன்றைய அளவில் 225 சதுர அடி) வீட்டை பில்டர் கட்டித் தருவார். ஈடாக, அதே நிலத்தில் கூடுதல் மாடிகள் எழுப்பிச் சந்தை விலைக்கு விற்றுக்கொள்வார். ஏழையின் வீட்டுக்கான செலவு ரியல் எஸ்டேட் விலையில் தொங்குகிறது. விலை ஏறும் பகுதிகளில் பில்டர்கள் மொய்ப்பார்கள். விற்காத பகுதிகளின் பக்கம் எட்டிப் பார்க்கவும் மாட்டார்கள். இதை நலத்திட்டம் என்பதைவிட நில வியாபாரம் என்பதே பொருந்தும்.

தாராவி மறுசீரமைப்பிலும் அதே கணக்குதான். 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வசிப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி, இலவசம். 2000க்கும் 2011க்கும் இடையே வந்தவருக்கு இரண்டரை லட்சம் ரூபாய்க்கு வீடு, தாராவிக்கு வெளியே. ஏணிப்படி ஏறி மேல்தளத்தில் குடியிருப்பவர்கள் 2022 நவம்பர் 15க்கு முன் வந்திருந்தால் தவணை முறையில் வீடு பெறலாம், அதுவும் வெளியேதான். அங்கேயே தோல் தைத்தும் துணி வெட்டியும் பிழைக்கும் தொழிலாளிக்கு வேலை ஓரிடம், வீடு வேறிடம். ரயில் கட்டணத்தையும் பயண நேரத்தையும் எந்தத் தகுதிப் பட்டியலும் கணக்கில் சேர்ப்பதில்லை.