மழையை அளக்க வரும் மாணவர்களும் நாமும்

மஸ்கெலியாப் பகுதி முதியவர்களிடம் வரட்சியை அறிய ஓர் அடையாளம் உண்டு. 1969 ஆம் ஆண்டில் மவுசாகலை அணை கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கியது. நீர்த்தேக்கம் வற்றி அந்தப் பழைய கோயில் வெளியே தெரிந்தால், அவ்வருடம் வரட்சி கடுமை என்பது அவர்களுடைய கணக்கு. அதில் உண்மை உண்டு. ஆயினும் மின்சாரத்திற்காக நீரைத் திறந்துவிட்டாலும் நீர்மட்டம் இறங்கும். எனவே கோயில் தெரிவதை மட்டும் வைத்து மழை குறைந்துவிட்டதென்று கூற முடியாது. மழையை நாள்தோறும் அளந்து எழுதிவைத்திருந்தால் மட்டுமே அப்படிக் கூறலாம்.

அப்படி எழுதிய வழக்கம் எமது தோட்டங்களுக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரத் துரைமார் காலந்தொட்டே பல தோட்டங்களில் மழைமானி இருந்தது. காலையில் ஒரு தொழிலாளி அதைப் பார்த்துச் சொல்ல, ஆபீசில் கிளார்க்கர் பதிவேட்டில் எழுதுவார். கொழுந்துக் கணக்கோடு மழைக் கணக்கும் சேர்ந்தே வந்தது. வளிமண்டலவியல் திணைக்களத்துக்கும் தோட்டங்களிலிருந்து இத்தகைய அளவுகள் சென்றன. இன்று பல்கலைக்கழக மாணவர்கள் மலையக நீரைப் பற்றி ஆய்வு செய்யும்போது தேடுவது இந்தப் பதிவேடுகளைத்தான். அவற்றிற் சில கறையானுக்கு இரையாகிக் கிடந்ததை நாம் கண்ணால் கண்டு வருந்தியிருக்கின்றோம்.

இப்பதிவுகள் என்ன சொல்கின்றன? நாட்டின் 15 நிலையங்களில் 1870 களிலிருந்து 2000 வரை பதிவான மழையை ஆராய்ந்த கட்டுரையொன்று 2003 இல் வெளியானது. நுவரெலியா, கண்டி ஆகிய உயரமான இடங்களில் தென்மேற்குப் பருவமழை குறைந்து வந்திருப்பதை அது காட்டியது. பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியற் பேராசிரியர் மத்தும பண்டாரவும் மேல் மகாவலிப் பகுதியின் மழை, ஆற்று நீரோட்டம் பற்றி முன்பே எழுதியிருந்தார்.

"மழை குறைகிறதென்றால் மலை ஏன் சரிகிறது, சுவாமி?" என்று எம்மிடம் கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. வருடம் முழுவதும் பெய்த மழை எவ்வளவு என்பது ஒரு கணக்கு. ஒரே நாளில் கொட்டிய மழை எவ்வளவு என்பது வேறு கணக்கு. உலகம் சூடேறி வருகின்றது. காற்றின் வெப்பம் ஒரு பாகை கூடினால் அது ஏறக்குறைய 7 வீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். தாங்கியதை ஒருமிக்கக் கொட்டவும் கூடும். சாரலாகப் பத்து நாள் பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்கி ஊற்றை வளர்க்கும். அதே அளவு ஒரே இரவில் பெய்தால் பெரும்பகுதி மேல்மண்ணை வாரிக்கொண்டு ஓடையில் போய்விடும்; உள்ளே இறங்குவது சரிவை இளக்கிவிடும். பிறகு மாசி, பங்குனியில் பீலியில் தண்ணீர் நூலாக வடியும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் செய்ததை வாசகர்களுக்கு நாம் விவரிக்க வேண்டியதில்லை. உங்களிற் பலர் அதனாலேயே வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் விட்டு வந்தவர்கள்.

ஆகவே ஆய்வுக்கு வரும் மாணவரிடம் "மழை குறைந்துபோச்சு" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். எந்தப் பீலி எந்த வருடம் முதன்முறை வற்றியது, எந்தச் சரிவில் முன்பு காடு இருந்தது, வெடிப்பு எங்கே முதலில் தெரிந்தது என்பவற்றை இடத்தைக் காட்டியே சொல்லுங்கள். இவை எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அளக்கும் வேலையை நாமும் செய்யலாம். வாயும் அடியும் ஒரே அகலமான, நேர்ப்பக்கமுள்ள தகரப்பேணி ஒன்று போதும். மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் அதனை நிறுத்தி, தினமும் காலை 8.30 க்கு உள்ளே நிற்கும் நீரின் ஆழத்தை அடிமட்டத்தால் பார்த்து எழுதிவிட்டு ஊற்றிவிட வேண்டும். ஒரு சென்ரிமீற்றர் என்றால் 10 மி.மீ. மழை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி, 24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. ஐத் தாண்டினால் விழிப்பாயிருக்க வேண்டும். 100 ஐத் தாண்டினால் புறப்பட ஆயத்தமாக வேண்டும். 150 ஐத் தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 ஐத் தாண்டினாலோ உடனே வெளியேற வேண்டும். கடும் மழையில் காலைவரை காத்திராமல் இடையிடையே பேணியைப் பாருங்கள். நிலத்தில் வெடிப்பு, மரம் சாய்தல், ஊற்று திடீரெனக் கலங்குதல் அல்லது நின்றுபோதல் தெரிந்தால் பேணியைப் பார்க்கவே வேண்டாம், பிள்ளைகளோடு வெளியேறுங்கள். 2014 ஒக்டோபர் 29 இல் சரிந்த கொஸ்லந்தை மீரியபெத்தையில், ஆபத்து உண்டென்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது.

புதிய காணி காட்டப்படும் குடும்பங்கள் அங்குள்ள நீரையும் அளந்து பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் காட்டினால் எந்தக் காணியும் செழிப்பாகத்தான் தெரியும். கோடையில் 10 லீற்றர் வாளியைப் பீலியில் வைத்து, நிரம்ப எத்தனை நிமிடம் என்று பாருங்கள். மூன்று நிமிடமானால், இரவிலும் தொட்டியில் சேர்த்தால் நாளொன்றுக்கு 4,800 லீற்றர். நாற்பது குடும்பத்துக்குப் பிரித்தால் குடும்பத்துக்கு 120 லீற்றர். குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாம் அதற்குள்தான். மரக்கறிப் பாத்திக்கு ஒன்றும் மிஞ்சாது. இதை இரண்டு கோடையாவது எழுதிவைத்திருந்தால் பிரதேச செயலகத்தில் பேசும்போது கையில் ஒரு தாள் இருக்கும்.

மாணவர்களிடம் நாம் கேட்க வேண்டியதும் ஒன்றுண்டு. பட்டத்துக்காக எழுதப்படும் ஆய்வுகளிற் பல நூலகத் தட்டிலேயே தங்கிவிடுகின்றன. தகவல் கொடுத்த குடும்பங்களுக்கு முடிவு தெரிவதில்லை. ஆகவே மாணவர் முதல் நாள் வரும்போதே, முடிவைத் தமிழில் இரண்டு பக்கமாக எழுதித் தருவாரா, ஒருநாள் வந்து விளக்குவாரா என்று கேட்டுவிடுங்கள். அந்தப் பிரதியையும் உங்கள் மழைக் கொப்பியையும் ஆலயத்திலோ கோயிலிலோ வாசிகசாலையிலோ, கறையான் எட்டாத ஒரு பெட்டியில் வையுங்கள்.